செக் என்று ஒரு சொல்

"அப்பா, 'செக்'குக்கு மொத்தம் எத்தனை அர்த்தம்?"

ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்த நேரம். மகள் எட்டாம் வகுப்பு. இங்கிலீஷ் மேம் ஆளுக்கொரு சாதாரணச் சொல்லைக் கொடுத்து, அதன் அர்த்தங்களையும் அதே பொருள் தரும் மற்ற சொற்களையும் எழுதி வரச் சொல்லியிருக்கிறார். இவளுக்கு வாய்த்தது 'செக்'. இருபது வருஷத்துக்கு மேலாக செக்கைத் தொட்டுச் சோறு தின்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

டக்கென்று மூன்று சொன்னேன். சரிபார்ப்பது, தடுத்து நிறுத்துவது, பேங்கில் கொடுக்கிற செக். மகள் தன் பங்குக்கு செஸ், ஏர்போர்ட் செக்-இன், நான் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை, அமெரிக்கப் படங்களில் சாப்பிட்டு முடித்ததும் கேட்கிற பில் என்று அடுக்கினாள். சமையலறையிலிருந்து தங்கமணி: "ஷுகர் செக்கப் போங்கன்னு மூணு மாசமா கத்துறேனே, அந்த அர்த்தத்தையும் எழுதச் சொல்லு."

(எங்கள் அம்பாசமுத்திரம் ஆச்சிக்கு இன்னொரு அர்த்தம் தெரியும். எனக்கு பேங்கில் வேலை கிடைத்ததும், அங்கே செக் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "செக்கு குடுக்காவளா? அப்போ மாட்டை எங்கன கட்டுவாவ?" என்று கேட்டாள். நல்லெண்ணெய் ஆட்டுகிற செக்குக்கும் இந்தச் செக்குக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.)

மகள் எழுதி முடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. தடுப்பதற்கும் சட்டையில் இருக்கும் கட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? பணம் கொடுக்கச் சொல்லி எழுதுகிற தாளுக்கு, 'நிறுத்து' என்று பொருள்படும் சொல்லை ஏன் பெயராக வைத்தார்கள்? பி.காம். படித்த காலத்தில் செக்கின் இலக்கணத்தை வரி பிசகாமல் ஒப்பித்திருக்கிறேன். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் வாத்தியார் என்ன சொல்லியிருப்பாரோ!

பதிலின் முதல் பாதி நான் தினமும் கடக்கிற வழியிலேயே இருந்தது. இருப்பது லக்னோவில். பழைய சௌக் பகுதியில் டீக்கடைப் பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள், நாலு பேர் நின்று யோசனை சொல்வார்கள். நவாபு காலத்து ஊர் இல்லையா, அந்தப் பழக்கம் முழுசாகப் போய்விடவில்லை. (இந்த ஊர்க்காரர்களின் சதுரங்கப் பைத்தியத்தை வைத்துத்தான் பிரேம்சந்த் 1924-இல் கதை எழுதினார், சத்யஜித் ராய் 1977-இல் படமாக எடுத்தார்.) நாம் 'செக்' என்று சொல்கிற இடத்தில் அந்தப் பெரியவர் "ஷஹ்!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். வந்த புதிதில் அதை வேறு ஏதோ இந்திச் சொல் என்றே நினைத்திருந்தேன். இல்லை. 'ஷஹ்', 'செக்' இரண்டும் ஒரே சொல்.

பாரசீக மொழியில் ஷா என்றால் அரசன். நம் நாட்டின் சதுரங்கம் பாரசீகம் போய் சத்ரங் ஆனது, அரபு வாயில் ஷத்ரஞ்ச் ஆனது. எதிராளியின் ராஜாவுக்கு ஆபத்து வந்தால் 'ஷா!' என்று சொல்லி எச்சரிக்க வேண்டும். ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனபோது இந்தக் கூவலும் கூடவே போயிற்று. லத்தீனில் ஸ்காக்கஸ், பழைய பிரெஞ்சில் எஷெக், அங்கிருந்து இங்கிலீஷில் செக். அதன் பன்மைதான் செஸ். ஆக செஸ் என்றால் 'ராஜாக்கள்' என்று அர்த்தம். 'ஷா மாத்' என்பதுதான் செக்மேட். மாத் என்பதற்கு அரபு வழியில் 'செத்தான்' என்று பொருள் சொல்வார்கள். பாரசீக வழியில் 'செய்வதறியாமல் நிற்கிறான்' என்பார்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆட்டத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லையே.

ஒருவர் 'ஷா' என்றதும் எதிராளி தான் போட்டு வைத்திருந்த திட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். அதனால் 'அரசன்' என்ற சொல் 'நில்' என்று மாறியது. நிறுத்துவதிலிருந்து கட்டுப்படுத்துவது வந்தது. தப்பு நடக்காமல் கட்டுப்படுத்த வேண்டுமானால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதிலிருந்து சரிபார்ப்பது. செக்போஸ்ட், பஸ்ஸில் ஏறும் செக்கர், டாக்டரின் செக்கப் எல்லாம் இந்தக் கிளையில் காய்த்தவை.

இந்திக்காரர்கள் அதே சொல்லை வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் போய்விட்டார்கள். 'ஷஹ் தேனா' என்றால் சதுரங்கத்தில் செக் வைப்பது. அதுவே பேச்சு வழக்கில் ஒருவனைத் தூண்டிவிடுவது, தப்புக்குத் துணைபோய் ஏற்றிவிடுவது. மேற்கே போன ஷா தடுக்கிறான், வீட்டோடு இருந்த ஷா தூண்டிவிடுகிறான்.

சரி, இதில் பணம் எப்போது நுழைந்தது?

இங்கிலாந்தில் முதலாம் ஹென்றி காலம், 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். அரசுக்கு வரவேண்டிய வரிப்பணத்தை ஒவ்வொரு மாவட்டத்திலும் ஷெரிஃப் வசூலிப்பார் (நம்ம கலெக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்). வருஷத்துக்கு இரண்டு முறை, ஈஸ்டர் சமயத்திலும் செப்டம்பர் 29-ஆம் தேதி வருகிற மைக்கேல்மஸ் பண்டிகையின்போதும், அவர் அரசனின் கணக்கதிகாரிகள் முன்னால் ஆஜராக வேண்டும். நம்முடைய மார்ச் 31, செப்டம்பர் 30 கணக்கு முடிப்பை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்த வலி 900 வருஷம் பழசு என்று தெரிந்ததில் ஒரு அற்ப ஆறுதல்.

கணக்கு பார்க்க ஒரு மேஜை. பத்தடி நீளம், ஐந்தடி அகலம், வைத்தது உருண்டு விழாமலிருக்க நாலு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. பென்னிக்கு ஒரு வரிசை, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று, இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று வரிசைகள். கட்டவேண்டிய தொகை ஒரு பக்கம், கட்டியது இன்னொரு பக்கம், வட்டமான காய்களை அடுக்கி வைப்பார்கள். அந்தக் காய்க்குப் பெயர் கவுண்டர். பார்ப்பதற்குச் சதுரங்கப் பலகை மாதிரியே இருந்ததால் மேஜைக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர். மேஜையின் பெயர் பிறகு கஜானாவுக்கே ஆகிவிட்டது. இன்றைக்கும் பிரிட்டிஷ் நிதியமைச்சர் 'சான்ஸலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'தான்.

இதையெல்லாம் நமக்குச் சொல்வது இரண்டாம் ஹென்றியின் கஜானா அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல். 1170-களில் குருவும் சீடனும் பேசிக்கொள்கிற மாதிரி லத்தீனில் ஒரு நூல் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பெயர்க் காரணத்தைச் சீடன் கேட்க, குரு பலகை ஒற்றுமையோடு நிறுத்தவில்லை. சதுரங்கத்தில் இரண்டு ராஜாக்கள் மோதுகிற மாதிரி இங்கே கஜானா அதிகாரியும் ஷெரிஃப்பும் மோதுகிறார்கள், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து நியாயம் சொல்கிறார்கள் என்கிறார். எந்த ஆடிட்டைப் பார்த்தாலும் இதே காட்சிதான்.

காய் வைத்து எண்ண வேண்டிய அவசியம் என்ன? அவர்கள் எழுதியது ரோமன் எண்கள். அவற்றை வைத்து எழுதிக் கூட்டிப் பாருங்கள், தெரியும் சேதி. பூஜ்ஜியம் கிடையாது, காலியாக விட்ட கட்டம்தான் பூஜ்ஜியம். நம் ஊர் எண்கள் ஆங்கிலேயக் கஜானாவின் கணக்குச் சுருளில் ஏறுவதற்கு அதன்பின் இன்னும் பல நூற்றாண்டு ஆயிற்று. விளையாட்டு முதலில் போய் மேஜைக்குப் பெயர் வைத்துவிட்டது, கணக்கு மெதுவாகப் பின்னால் வந்தது.

சட்டைக் கட்டமும் இந்தப் பலகையிலிருந்து வந்ததுதான். 'மெட்ராஸ் செக்ஸ்' என்று நம்ம ஊர்ப் பெயரோடு உலகம் சுற்றிய கட்டம் போட்ட கைத்தறித் துணி, நெய்தவர்களுக்கே தெரியாமல் ஒரு பாரசீக ராஜாவையும் சுமந்துகொண்டு போயிருக்கிறது.

இனி ரசீதுக்கு வருகிறேன். ஷெரிஃப் பணம் கட்டியதற்கு அத்தாட்சி ஒரு குச்சி. தொகைக்கு ஏற்ப அதில் வெட்டு போடுவார்கள். ஆயிரம் பவுண்டு என்றால் உள்ளங்கை கனத்துக்கு, நூறு என்றால் கட்டைவிரல் அகலம், இருபது என்றால் சுண்டுவிரல், ஒரு பவுண்டு என்றால் ஒரு பார்லி மணி அளவு. பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி. ஒருவர் தன் பாதியில் ரகசியமாக ஒரு வெட்டு கூட்டினால் மற்றதோடு பொருந்தாது. மரத்தின் ரேகையை எவனாலும் போலி பண்ண முடியாது. பிடி உள்ள நீளமான பாதிக்கு ஸ்டாக், குட்டையான பாதிக்கு ஃபாயில் என்று பெயர். இந்த ஏற்பாடு 1826 வரை ஓடியது. குவிந்து கிடந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடுப்பில் போட்டு எரிக்க, அளவுக்கு மீறிப் போட்டதில் பிரிட்டிஷ் பாராளுமன்றமே எரிந்து போனது. பழைய ரெக்கார்டைக் கழிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு இது ஞாபகம் வந்துவிடும் :-)

குச்சி காகிதமான பிறகும் யோசனை மாறவில்லை. பேங்கர் பெயருக்கு 'இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்' என்று கடிதம் எழுதும் பழக்கம் லண்டனில் 17-ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. 1659 என்று தேதியிட்ட, 400 பவுண்டுக்கான ஒரு தாள் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அதற்கு செக் என்று பெயரில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்று சொன்னது வேறொன்றை. கொடுத்த தாளோடு ஒப்பிட்டுத் திருட்டுத் திருத்தத்தைக் கண்டுபிடிப்பதற்காக, கொடுத்தவர் தன்னிடமே வைத்துக்கொள்ளும் பாதியை. அதாவது கவுண்டர்ஃபாயில், நம் பாஷையில் அடிக்கட்டை. வெளியே போகிற தாளுக்கு அந்தப் பெயர் பிறகுதான் ஒட்டிக்கொண்டது.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். காரணம் இருக்கிறது. கொசுவத்தியைச் சுற்றவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். வேறு மாநிலம், வேறு கிளை. செக் பாஸ் பண்ணுகிற நாற்காலி எனக்கு. மாத முதல் வாரம், கவுண்டரில் திருவிழாக் கூட்டம். ஒரு பேரர் செக் வருகிறது, எண்பதாயிரம் ரூபாய். கையெழுத்தை ஒப்பிட்டேன், கச்சிதம். கணக்கில் பணம் இருந்தது. பாஸ் போட்டேன். அரை நிமிஷம் ஆகியிருக்காது.

பத்து நாள் கழித்து ஒரு பெரியவர் வந்தார். ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர். செக் புத்தகத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். வீட்டுக்கு மராமத்து பண்ணியவனுக்குக் கொடுத்தது எட்டாயிரம், போயிருப்பது எண்பதாயிரம். செக்கை எடுத்துப் பார்த்தேன். இங்கிலீஷில் எட்டு என்று எழுதி முடித்த இடத்தில் ஒரே ஒரு 'ஒய்' சேர்த்திருந்தார்கள். எட்டு எண்பதாகிவிட்டது. எண்ணில் கடைசியாக ஒரு சைபர். அவ்வளவுதான். பெரியவர் எழுதும்போது இடம் விட்டிருந்தார், அவன் நிரப்பிக்கொண்டான்.

அவர் அடிக்கட்டையைத் திருப்பிக் காட்டினார். நீல மையில், குண்டு குண்டான எழுத்தில், தேதி, ஆள் பெயர், 8000, மீதி இவ்வளவு. அதற்கு முந்தையதும் அப்படியே. அதற்கும் முந்தையதும். புத்தகம் முழுக்க ஒரு அடிக்கட்டை காலி இல்லை. அவரே எழுதியதுதானே, அது எப்படிச் சாட்சியாகும் என்று எங்கள் மேனேஜர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் எல்லோரும் செக்கை மறுபடி பார்த்தோம். பூதக்கண்ணாடிகூட வேண்டியிருக்கவில்லை. ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தாலே அந்த 'ஒய்'யின் மை ஒரு மாற்று குறைவு என்று தெரிந்தது.

சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத திருத்தம் என்றால் பணம் கொடுத்த பேங்குக்கு 1881-ஆம் வருஷச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. இது தெரிகிற திருத்தம். பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பார்க்க வேண்டியவன் நான். பெரியவருக்குப் பணம் திரும்பி வர இரண்டு மாதம் ஆயிற்று. எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது, ஒரு இன்கிரிமென்ட் தள்ளிப்போனது. அந்த இரண்டு மாதமும் வாரம் ஒரு முறை வந்து, ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், எதிரே உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கும். அது அவருடைய பென்ஷன் சேமிப்பில் பாதிக்கும் மேல் என்று பிறகுதான் தெரிந்தது.

நான் கையில் பிடித்திருந்த தாளைத்தான் செக் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையான செக் அவர் கைக்குட்டைக்குள் இருந்திருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் பழைய எழுத்துக்கூட்டலையே வைத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் கில்பார்ட் என்ற பேங்கர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய புத்தகத்தில், மற்ற 'செக்'கோடு குழப்பம் வராமலிருக்கவும் எக்ஸ்செக்கரை ஒத்திருக்கவும் 'கியூ' போட்ட எழுத்துக்கூட்டலே நல்லது என்றார். நாம் அந்த வழி. 'ரெயின் செக்' என்பது அமெரிக்க பேஸ்பால் மைதானத்தில் மழையால் ஆட்டம் நின்றால் இன்னொரு நாள் வந்து பார்க்க உதவும் டிக்கெட் துண்டு. அதுவும் ஒரு அடிக்கட்டைதான்.

நம் பக்கம் இதற்குச் சமமாக உண்டியல் இருந்தது. வடக்கே ஹுண்டி. ஊர்விட்டு ஊர் வியாபாரம் செய்தவர்கள் பணத்தைத் தூக்கிப் போகாமல் ஒரு சீட்டை எழுதி அனுப்புவார்கள். அந்தச் சொல் நமக்குக் கோயில் உண்டியலாகவும் இருக்கிறது. செக்குக்கு இன்றைய தமிழ் காசோலை. யார் முதலில் வைத்தார்களோ, நல்ல பெயர். ஃபாயில் என்ற சொல்லுக்கு மூலப்பொருள் இலை. பேங்கில் இன்றைக்கும் 'செக் லீஃப்' என்றுதான் சொல்கிறோம். ஓலையும் இலைதான். அடிக்கட்டை என்றால் வெட்டின பின் மிஞ்சிய மரத்தின் அடி, இங்கிலீஷில் அதற்குச் சொல்லும் 'ஸ்டப்' என்பதற்கும் அதே பொருள். குச்சி ரசீது நம் ஊரில் இல்லாமலே நாமும் மரத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறோம்.

செக் இப்போது அதிகம் பயணம் போவதில்லை. டெல்லியில் 2008-இல் ஆரம்பித்து மற்ற ஊர்களுக்கும் பரவிய முறையில் தாள் ஒரு கிளையிலேயே தங்கிவிடும், படம் மட்டும் போகும். 2012 ஏப்ரலிலிருந்து ஆயுள் ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமானது. 2025 அக்டோபர் 4 முதல் அன்றன்றைக்கே மணிக்கணக்கில் கிளியரிங். செக் எழுதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், கைபேசியைக் காட்டினால் பணம் போய்விடுகிறது.

ஆனால் 2021 ஜனவரி 1 முதல் ஒரு ஏற்பாடு வந்தது. பெரிய தொகைக்கு, அதாவது 50,000 ரூபாயும் அதற்கு மேலும், செக் கொடுத்தால் எண், தேதி, ஆள் பெயர், தொகை எல்லாவற்றையும் முன்கூட்டியே பேங்குக்குத் தெரிவித்துவிடலாம். செக் வந்ததும் இரண்டையும் ஒட்டிப் பார்த்து, பொருந்தினால்தான் பணம். பெயர் 'பாசிட்டிவ் பே'. சுற்றறிக்கை வந்த அன்று சக ஊழியர்கள் 'இன்னொரு ஆணியா' என்று சலித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தப் போஸ்ட்மாஸ்டரின் குண்டு எழுத்து கண்முன் வந்தது. என் கிளையில் வயதானவர்கள் செக் புத்தகம் வாங்க வந்தால், அந்த வசதியையும் சொல்லிக் கொடுத்து, அடிக்கட்டையையும் நிரப்புங்கள் என்று தவறாமல் சொல்வேன். சில பேர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

புதன்கிழமை மகளின் நோட்டு திரும்பி வந்தது. எட்டு அர்த்தம் எழுதியிருந்தாள். ஏழுக்குச் சிவப்பு மையில் டிக். நான் வற்புறுத்தி எழுத வைத்த எட்டாவது, 'கொடுத்தவர் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பாதி', அதன் பக்கத்தில் ஒரு பெரிய கேள்விக்குறி.

"நீங்க ஸ்கூலுக்கு வந்து மேம் கிட்ட பேசுறீங்களா?"

"விடும்மா, ஏழு வந்திருக்கே."

"அப்போ சனிக்கிழமை ஸ்கூலுக்குப் போகிற வேலை இல்ல," என்றாள் தங்கமணி. "காலைல வெறும் வயித்தோட கிளம்புங்க, லேப்ல சொல்லி வெச்சாச்சு."